இமைமேல் பட்ட பிரஷ்

தொலைக்காட்சி நிலையத்தில் செய்தி வாசிப்பவர்களுக்கு மேக்கப் போடுகிறவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. பதினான்கு வருடமாக விரலிடுக்கில் ஒரு பஞ்சுருண்டை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அதனால் பஞ்சு. பெரிய அதிகாரியானாலும் சரி, பேட்டிக்கு வந்த புண்ணியவானானாலும் சரி, அவள் முன்னால் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி மோவாயைத் தூக்கிக் காட்டித்தான் ஆகவேண்டும்.

அவளுக்குப் பத்து வயதிலிருந்து கண்ணாடி. மைனஸ் ஐந்தரை. அடுத்தவர் முகத்துக்கு மேல் குனிந்து வேலை செய்கிறவளுக்கு அது ஒரு தொல்லை. எதிராளி மூச்சு விட்டால் கண்ணாடி மங்கும், வியர்த்தால் வழுக்கும். ஒருநாள் வரி விவரம் பேச வந்த அதிகாரி ஒருவரின் நெற்றியிலேயே கண்ணாடி கழன்று விழுந்தது. அந்த மனிதர் நெற்றியில் சிவப்புக் கோட்டோடு அரை மணி நேரம் வரிகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அன்றைக்கு முடிவெடுத்தவள்தான், லேசர் வைத்துக் கண்ணாடிக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடுவது என்று.

வேலை பத்தே நிமிடம். இரண்டு கண்ணும் ஒரே நாளில் முடிந்தது. அதற்கப்புறம் டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசியதுதான் அரை மணி நேரம்.

"கருவிழிக்கு மேல மெல்லிசா ஒரு மூடி மாதிரி திறந்து, லேசர் காட்டி, திரும்ப மூடியிருக்கோம். தையல் கிடையாது. தானாத்தான் ஒட்டிக்கணும். அதுவரைக்கும் கசக்கினீங்கன்னா மூடி நகர்ந்துடும்."

"நகர்ந்தா என்ன ஆகும் டாக்டர்?"

"திரும்பத் திறந்து சரி பண்ணணும். சில பேருக்கு அதுல சுருக்கம் விழுந்துடும். அப்புறம் பார்வை முழுசா தெளியாது."

சுருக்கம் என்றதும் பஞ்சுவுக்கு விளங்கிவிட்டது. முகத்தில் விழுந்த சுருக்கம் என்றால் எத்தனையோ பேருக்கு அவள் கையாலேயே மறைத்திருக்கிறாள். கண்ணுக்குள் விழுந்தால் எதைப் பூசி மறைப்பது? தெளியாத கண்ணை வைத்துக்கொண்டு யார் முகத்தில் கோடு இழுப்பது?

"நீங்க மேக்கப் போடுவீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"ஊருக்கே போடறேன் டாக்டர். எனக்குக் கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சமும் வேண்டாம். கண் மை, மஸ்காரா, இமைக்குப் பூசற கலர் எதுவும் ரெண்டு வாரத்துக்குக் கிடையாது. ஒரு வாரத்துக்கு க்ரீம், பவுடர், வெயிலுக்குப் போடறது எதுவும் கண் பக்கமே வரக்கூடாது. முகத்துல தண்ணி அடிச்சுக் கழுவக்கூடாது. ஆவி பிடிக்கறது, பேஷியல், நீச்சல், எல்லாத்துக்கும் லீவு. முக்கியமா, ஏற்கெனவே திறந்து வெச்சிருக்கற மை, மஸ்காரா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. அதுல இருக்கற கிருமி உங்களுக்கு முன்னாடி கண்ணுக்குள்ள குடி போயிடும்."

பஞ்சுவின் வீட்டில் மொத்தம் மூன்று பேர். அவள், லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், புருஷனின் தங்கை. நாத்தனாருக்குப் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. புட்டிக்குப் புட்டி பெயர், தேதி, எச்சரிக்கை எழுதி ஒட்டியே பழகிய கை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் எண் போட்டு எழுதி, ஒரு பிரதியைக் கண்ணாடியில் ஒட்டினாள், இன்னொன்றை அண்ணியின் கைப்பைக்குள் சொட்டு மருந்தோடு சேர்த்து வைத்தாள். கீழே சிவப்பு மையில் தன் போன் நம்பர். அதோடு விடாமல் அலமாரியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இந்த மஸ்காரா எத்தனை வருஷத்துது?"

"உங்க அண்ணனைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி வாங்கினது."

"அப்படின்னா உள்ள இருக்கற கிருமி இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்."

"அது தீர்ந்து போச்சு. டப்பா அழகா இருக்கேன்னு வெச்சிருக்கேன்."

"அழகா இருக்குன்னு எங்க அண்ணனையும்தான் வெச்சிருக்கீங்க. அவரைக் கழுவவாவது முடியுது." பதினோரு குழாய்கள் குப்பைக்குப் போயின.

புருஷன் தன் பங்குக்குத் தலை அலசிவிடும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். நாற்காலியில் பின்பக்கமாகத் தலையைச் சாய்த்து, நெற்றியில் துண்டை இறுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் முகத்தில் வழியாமல் ஊற்றினான். ஸ்பானர் பிடித்த கை, முடியையும் போல்ட் மாதிரிதான் திருகியது. "ஐயோ, மெதுவாங்க, தலை தனியா கழண்டு வந்துடப் போகுது" என்று இவள் கத்த, "கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையில்ல? அதைச் சொல்லு" என்றான் அவன்.

இப்படி நாலு நாள் பத்தியம் ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாம் நாள் மதியம் டிவியைப் போட்டாள். கால் மணி நேரம் பார்க்கலாம் என்று டாக்டரம்மாவே அனுமதித்திருந்தாள். ஒரு மணிச் செய்தி. அதை வாசிக்கிறவருக்கு நிலையத்தில் 'ஒரு மணி' என்றே பெயர். பன்னிரண்டு வருடமாக அதே செய்தி, அதே முகம், அந்த முகத்துக்கு அதே பஞ்சு. இப்போது திரையில் தெரிந்தவரைப் பார்த்ததும் அவள் நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகம் செங்கல் நிறம், கழுத்து வெள்ளை. இரண்டும் வேறு வேறு ஆளுடையவை போல இருந்தன. புருவம் ஒவ்வொன்றும் ஒரு விரல் கனம். பாவம் மனிதர் வெள்ளச் சேதம் வாசித்துக்கொண்டிருந்தார், பார்த்தால் போருக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தது.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். நாடகப் பிரிவில் மேக்கப் போடுகிறவளைத்தான் இவளுக்குப் பதிலாக உட்கார வைத்திருந்தார்கள். ராஜா ராணித் தொடர்களுக்கே போட்டுப் போட்டு அவளுக்கு 'அரண்மனை' என்று பெயர் விழுந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து ஒருவர் பிரஷை ஒருவர் தொட்டதில்லை.

மறுநாள் புருஷனும் நாத்தனாரும் வேலைக்குப் போனதும் பஞ்சு, ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வாடகைக் காரைப் பிடித்து நிலையத்துக்குப் போய்விட்டாள். எதையும் தொடப் போவதில்லை, தள்ளி உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

மேக்கப் அறையில் 'ஒரு மணி' கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அரண்மனை அவருடைய இடது கன்னத்தை ஸ்பாஞ்சால் ஒத்திக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டரை.

"அடடே, வாம்மா வா! கண்ணு எப்படி இருக்கு?" என்றார் அவர். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"கண்ணுக்கென்ன சார், நல்லாத் தெரியுது. நேத்து டிவியில உங்களைக்கூட அடையாளம் தெரிஞ்சுதே, கழுத்தை வெச்சு."

அரண்மனை திரும்பினாள். "வாடி. ஒரு வாரம் லீவு போட்டவளுக்கு இங்க என்ன வேலை? என்னை நோட்டம் விட வந்தியா?"

"நான் கையே வெக்க மாட்டேன்டி. இங்கயே உக்காந்துக்கறேன். நீ பாட்டுக்குப் போடு."

"போட்டுட்டுத்தானே இருக்கேன்."

"அதான் தெரியுதே. முகத்துக்குப் போட்டதைக் கழுத்துக்கும் கொஞ்சம் இறக்குடி. ரெண்டும் ஒரே ஆளோடதுதான்."

"என் ஆளுங்கல்லாம் கழுத்துல நகை போட்டிருப்பாங்க. கழுத்து எங்க வெளியில தெரியுது?"

"சார்கிட்ட அட்டிகை இல்லையே."

"ரெண்டு பேரும் சண்டை போட்டுக்குங்க, என் மூக்கை மட்டும் விட்டுடுங்க" என்றார் 'ஒரு மணி'.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பஞ்சு இரண்டு கை தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பவுடர் பறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது கன்னமும் பாதி நெற்றியும் முடிந்தன. அப்போதுதான் பவுடர் திட்டுத் திட்டாக நிற்பது பஞ்சுவின் கண்ணில் பட்டது. ஆறு நாளுக்கு முன்னால் என்றால் கண்ணாடி இல்லாமல் அந்தத் தூரத்திலிருந்து அவளுக்கு மனித உருவம் மட்டும்தான் தெரிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு திட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. தெரிந்தால் எப்படிச் சும்மா இருப்பது?

"பிரஷ்ல ஏதோ இருக்குடி. அதான் சமமா பரவ மாட்டேங்குது. குடு, பாத்துட்டுக் குடுக்கறேன்."

"தொட மாட்டேன்னியே."

"முகத்தைத்தானே தொட மாட்டேன்னேன். பிரஷைப் பாக்கக் கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னா?"

அரண்மனை பிரஷை நீட்டினாள். பஞ்சு வாங்கினாள். பிளாஸ்டிக் கண்ணாடி உள்ளே வியர்த்து மங்கத் தொடங்கியது, அதை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மேக்கப்காரர்களில் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிரஷ் மெத்தென்று இருக்கிறதா, குத்துகிறதா என்பதை முதலில் தங்கள் இமையில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் முகத்தில் வைப்பார்கள். உடம்பில் அதைவிட மெல்லிய தோல் கிடையாது, இமை தாங்கினால் எந்த முகமும் தாங்கும். பஞ்சு இதைப் பதினான்கு வருடமாக நாளைக்கு இருபது தடவை செய்துகொண்டிருந்தாள். செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. எச்சில் விழுங்குவதை யாராவது கணக்கு வைத்துக்கொள்கிறார்களா? அதனால்தான் டாக்டரம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை, நாத்தனாரின் பட்டியலிலும் இது ஏறவில்லை.

பிரஷ் கைக்கு வந்தது, கை மேலே போனது, வலது இமையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இழுப்பு இழுத்தது. பவுடரோடு.



"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றாள் அரண்மனை.

பஞ்சுவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அடுத்த விநாடி வலது கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் தாரையாகக் கொட்டியது. கண்ணைத் திறந்தால் குத்தியது, மூடினால் அதைவிடக் குத்தியது. கசக்கு, கசக்கு என்று உடம்பில் இருக்கிற ஒவ்வொரு நரம்பும் சொன்னது. கை பாதி வழி போய்விட்டது.

'ஒரு மணி' துண்டோடு எழுந்து பாய்ந்து அவள் மணிக்கட்டு இரண்டையும் பிடித்துக்கொண்டார். "கசக்காத! கசக்கினா அந்த மூடி நகர்ந்துடும்னு நீதானேம்மா போன்ல சொன்ன!"

"விடுங்க சார், ஒரே ஒரு தடவை!"

"தண்ணி அடிக்கலாம்டி" என்று அரண்மனை குழாயடிக்கு ஓடினாள். "இல்லன்னா வா, நான் ஊதி விடறேன்."

"ஊதாதடி! என் பையில ஒரு பேப்பர் இருக்கு, அதைப் பாரு. என் நாத்தனார் எழுதினது."

அரண்மனை பையைக் கவிழ்த்தாள். காகிதம் வந்தது. அவசரத்தில் எந்த வரி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "சார், நீங்க படிங்க" என்று அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவருக்குத்தான் இரண்டு கையும் காலியாக இல்லையே.

முகத்துக்கு நேராக ஒரு காகிதம் வந்தால் அவர் வாய்க்கும் ஒரு பழக்கம் உண்டு. "வணக்கம்" என்றார். பிறகு தலையை உதறிக்கொண்டு, அதே கம்பீரக் குரலில் வாசித்தார். "ஒன்பது. கண்ணில் ஏதேனும் விழுந்தால் கசக்கக் கூடாது. பத்து. குழாய்த் தண்ணீர் கூடாது. பதினொன்று. பையில் உள்ள செயற்கைக் கண்ணீர் மருந்தை மட்டும் தாராளமாக விடவும். பன்னிரண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவும். எனக்கும் போன் செய்யவும்."

அரண்மனை மருந்தைத் திறந்து, ஆறு சொட்டு விட வேண்டிய இடத்தில் இருபது சொட்டு விட்டாள். கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஓரத்தில் ஒன்று மட்டும் நகராமல் குத்திக்கொண்டே இருந்தது. அந்த ஒன்றுதான் பஞ்சுவைக் கலங்கடித்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கதவைப் பார்த்தாள். கதவு இரண்டாகத் தெரிந்தது.

"நகர்ந்துடுச்சுடி" என்றாள் மெதுவாக.

"வாயை மூடு. உனக்கென்ன தெரியும்? நீ டாக்டரா?"

வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டினார். "சார், எட்டு நிமிஷம்!"

"பாதி முகம்தான் ஆச்சு சார்" என்றாள் அரண்மனை.

"பாதி போதும். நீ இவளைக் கூட்டிட்டுக் கிளம்பு. கையை மட்டும் விட்டுடாத." அவர் ஒரு மணிக்கட்டை முதலில் ஒப்படைத்தார், பிறகு இன்னொன்றை, கனமான பாத்திரத்தைக் கை மாற்றுகிற மாதிரி. அதன்பின் காகிதத்தின் அடியில் இருந்த சிவப்பு நம்பரைப் போனில் அழுத்தி, காகிதத்தைக் கைப்பைக்குள் செருகி அரண்மனையின் தோளில் மாட்டிவிட்டு, பேசிக்கொண்டே ஸ்டூடியோவுக்கு நடந்தார்.

நிலையத்துக் காரில் அரண்மனை வழி நெடுகப் பிடியை விடவில்லை. பிரஷ் செருகிய வேலைப்பையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சா பிரஷையே குடுத்திருக்க மாட்டேன்டி" என்றாள்.

"நான்தானே கேட்டேன்."

"கேட்டா குடுத்துடறதா? பதினாலு வருஷமா நீ கேட்டு எதையாவது குடுத்திருக்கேனா? இன்னைக்குப் பாத்து எனக்குத் தாராள மனசு."

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் குத்தியது. சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் ஒரு கண்ணில் கட்டு, மீதிப்பேர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிச் செய்தி. பஞ்சு வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். கூடத்தின் மறுகோடியிலிருந்து துல்லியமாகத் தெரிந்தது. முகத்தின் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் மூக்கிலிருந்து காது வரை அவருடைய சொந்த நிறம், எண்ணெய்ப் பசையோடு. மனிதர் இமை கொட்டாமல் பருத்தி விளைச்சல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, சார் மானம் போகுதே" என்றாள்.

"இங்க யாருக்குடி கண்ணு தெரியுது?" என்றாள் அரண்மனை.

பக்கத்தில் கட்டுப் போட்டிருந்த பெரியவர் ஒருவர், "வாசிப்பு மட்டும் சுத்தமா இருக்கும்மா" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பஞ்சுவின் மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, பெரிய உருப்பெருக்கி வழியாகக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பஞ்சு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வருடமாக அடுத்தவர் மோவாயைத் தூக்கியவளுக்கு, தன் மோவாயை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பவுடர்னு சொன்னீங்க. இது என்ன, மின்னுது? தங்கம் மாதிரி?"

அரண்மனைதான் தொண்டையைச் செருமினாள். "நேத்து எங்க தொடர்ல மகாராணிக்கு முடிசூட்டு விழா டாக்டர். கன்னத்துல கொஞ்சம் ஜிகினாத் தூள்... அதே பிரஷ்தான்."

"அதுக்கப்புறம் கழுவலையா?"

"உதறினேன் டாக்டர்."

"உதறினீங்க" என்றாள் டாக்டரம்மா.

பஞ்சு திரும்பி அரண்மனையைப் பார்க்க முயன்றாள். "ஆடாதீங்க" என்று டாக்டரம்மா அதட்டினாள். மரத்துப்போக மருந்து விட்டு, மருந்துத் தண்ணீரால் கண்ணை அலசி, ஊசிமுனை மாதிரி ஒன்றால் அந்தத் துகளை எடுத்தாள். பஞ்சில் ஒற்றிக் காட்டினாள். கடுகை நாலாக உடைத்தால் அதில் ஒரு பங்குகூட இராது. பிறகு மறுபடி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"மூடி நகரல."

பஞ்சு மூச்சை விட்டாள்.

"அதோட ஓரத்துல போய் ஒட்டியிருந்துச்சு. கசக்கியிருந்தா உள்ள போயிருக்கும், மூடியும் கூடவே போயிருக்கும். எப்படிக் கசக்காம வந்தீங்க? எல்லாரும் கசக்கிட்டுத்தான் வருவாங்க."

"கையைப் பிடிச்சுக்கிட்டாங்க டாக்டர்."

"யாரு?"

அரண்மனை தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். விரல்கள் பதிந்த தடம் பஞ்சுவின் மணிக்கட்டில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"கதவு ரெண்டாத் தெரிஞ்சுதே டாக்டர்?"

"அவ்வளவு தண்ணியும் மருந்தும் கண்ணுல நின்னா நாலாக்கூடத் தெரியும். இப்ப அந்த எழுத்தைப் படிங்க." பஞ்சு படித்தாள். கடைசி வரிக்கு முந்தின வரி வரை வந்தது. "சாயங்காலம் கடைசி வரியும் வந்துடும். ஆனா கணக்கு இன்னைலேருந்து புதுசா ஆரம்பம். ரெண்டு வாரம். வேலைக்கும் போகக் கூடாது, வேலை செய்யற இடத்துக்கும் போகக் கூடாது. அதுக்கப்புறமும் பிரஷை இமையில இழுத்துப் பாக்கற வேலை இந்த ஜென்மத்துக்கு வேண்டாம்." கண்ணுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து டேப் ஒட்டினாள்.

வெளியே வந்தபோது நாத்தனார் ஆய்வக வெள்ளைக் கோட்டோடு மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, திட்டுவதற்கு முன்னால் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அண்ணியின் கைப்பையில் இருந்த காகிதத்தின் அடியில் 'பதின்மூன்று. பிரஷ் இமைமேல் படக் கூடாது' என்று எழுதினாள்.

"அண்ணி, நான் ஆசிட் புட்டியெல்லாம் பாத்திருக்கேன். மூடி போட்டு வெச்சா சும்மா இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்களே!"

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"அவர் எங்கயோ பன்னெண்டாவது மாடியில லிப்டுக்கு மேல உக்காந்திருக்காரு. இறங்கட்டும், சொல்றேன். இப்ப சொன்னா இறங்காமலே வந்துடுவாரு."

அரண்மனை கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு, "அந்த பிரஷ் எல்லாத்தையும் இன்னைக்குச் சோப்புப் போட்டு அலசிடறேன்டி" என்றாள்.

"உன்னுதை மட்டும் அலசு. என்னுதைத் தொடாத."

"சரி."

"தொடணும்னா, வலது பக்க டிராயர்ல இருக்கு. சார் நெத்திக்குப் பெரிசு, மூக்குக்குச் சின்னது. கழுத்தை மறந்துடாத."

மூன்று பேரும் வாசலை நோக்கி நடந்தார்கள். கண்மேல் ஒட்டிய டேப் ஓரத்தில் பஞ்சுவுக்கு அரித்தது. அரண்மனை அவள் வலது மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. அவ்வளவு பட்டும் கசக்குவேனா? இனிமே மாட்டேன்."

"நீ மாட்ட. உன் கை?"

நாத்தனார் யோசித்துப் பார்த்துவிட்டு இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கையில் புது மருந்துப் பை, அரண்மனையின் இன்னொரு கையில் பஞ்சுவின் கைப்பை. ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ள மூன்று பேருக்கும் கை இல்லை. அரண்மனை தோளால் தள்ளித் திறந்தாள்.